ஏழு டிகிரி ஜூஸ்

பங்குனியில் ஒரு சாயங்காலம். மரக்காணம் உப்பளத்தில், எங்கள் பாத்திக்கரையில் இருந்தவர்கள் — நான். என் வீட்டுக்காரர் சேகர். எங்கள் மகள் அபி, ஐந்து வயது. மேஸ்திரி அந்தோணி அண்ணன். அப்புறம், மூன்று மாம்பழ ஜூஸ் பாக்கெட்.

ஜூஸை ஏன் ஆள் கணக்கில் சேர்த்தேன்? சொல்கிறேன்.

அதற்கு முந்தின நாள்தான் அபியைத் திண்டிவனத்தில் பல் டாக்டரம்மாவிடம் காட்டினோம். இரண்டு வாரமாகச் சோறு மென்றால் அழுதாள். இருபது பால் பல்லில் நாலு சொத்தை. நாலையும் அடைத்துவிட்டார். கடைவாயில் ஒன்று மட்டும் ஆழம்.

"இத மூணு மாசம் பாப்போம். பரவிச்சின்னா புடுங்கித்தான் ஆவணும்" என்றார்.

"பால் பல்லுதானேங்க. விழுந்து மொளைக்காதா?" என்றார் சேகர்.

"இந்தப் பல்லு விழ இன்னும் அஞ்சு வருஷம் ஆவும்பா. அதுவரைக்கும் புள்ள எதால மெல்லும்?"

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார்.

"சாக்லேட் நெறைய தர்றீங்களா?"

"தர்றதே இல்லைங்க" என்றேன். உண்மை. தினமும் பொடி உப்பால் பல் விளக்கிவிடுகிறேன் என்றும் சொன்னேன். உப்பு பட்ட வாயில் பூச்சி அண்டாது — எங்கள் பக்கம் இது எல்லோருக்கும் நம்பிக்கை. அந்தத் தைரியத்தில்தான் இருந்தேன்.

"ஜூஸு? கிரீம் பிஸ்கட்டு? பால்ல கலக்குற பவுடரு?"

"அதெல்லாம் சத்துக்குங்க."

"அதுலதாம்மா சர்க்கரை ஒளிஞ்சிருக்குது."

நான் நம்பவில்லை. சாக்லேட் கேட்டு அழுதபோதெல்லாம் மறுத்தவள் நான். சத்து, சத்து என்று பார்த்துப் பார்த்து வாங்கியவளும் நான். என் கையாலேயா பிள்ளையின் பல் போனது?

உப்பளத்தில் ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. தண்ணீரில் மிதக்கவிட்டால், உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று டிகிரியில் காட்டும். கடல் தண்ணீர் மூன்று காட்டும். இருபத்தைந்து பக்கம் வந்தால் உப்பு விழும். மறுநாள் வேலை முடிந்ததும் மேஸ்திரியிடம் போனேன்.

"அண்ணே, அந்தக் குழாய இந்த ஜூஸுல விட்டுப் பாக்கலாமா?"

"இன்னாம்மா, மாம்பழத்துல உப்பு வாரப் போறியா?"

"சர்க்கரை இருந்தா காட்டாதா?"

"எது கரைஞ்சாலும் காட்டும். மொதலாளி பாத்தா என்னையும் கரைச்சிடுவாரு."

ஆனாலும் எடுத்து வந்தார். நீளக் குவளையில் மூன்று பாக்கெட்டையும் ஊற்றினோம். "என் ஜூஸு… என் ஜூஸு…" என்று அபி ஒரே அழுகை.

குழாய் ஏழில் நின்றது.

கடலே மூன்றுதான்.

"பழமும் இருக்குமில்ல. பாக்கெட்டுல மாம்பழம் படம் போட்டுக்குதே" என்றார் சேகர்.

"ரேஷன் கார்டுல கூடத்தான் உன் படம் போட்டிருந்தான். அதுக்குள்ளயா குடியிருந்த?" என்றார் மேஸ்திரி.

குவளையைக் கழுவி, அதே அளவு நல்ல தண்ணீர் ஊற்றினோம். டீ போடும் சர்க்கரை டப்பா வந்தது. ஒவ்வொரு ஸ்பூனாகப் போட்டுக் கலக்கினேன். ஐந்து, எட்டு, பத்து… குழாய் மெல்ல ஏறியது. பதினான்காவது ஸ்பூனில் ஏழைத் தொட்டது.

ஒரு பாக்கெட்டுக்குக் கிட்டத்தட்ட ஐந்து ஸ்பூன்.

"டம்ளர் டீக்கு ஒரு ஸ்பூன் போட்டாலே எங்க வீட்டுல சண்டை" என்றார் மேஸ்திரி. "டப்பாவ காலி பண்ணிட்ட. நாளைக்கு எல்லாருக்கும் வெறும் டீதான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அபி தினமும் சாயங்காலம் ஒரு பாக்கெட் குடித்தாள். படுக்கும்போது பவுடர் கலந்த பால். அதில் எத்தனை ஸ்பூனோ?

பாருங்கள். குழம்பில் ஒரு கல் உப்பு கூடினால் சாப்பிடுகிறவர் முகம் மாறும். தட்டைத் தள்ளிவைப்பார். சர்க்கரை கூடினால்? இன்னொரு டம்ளர் கேட்பார். உப்பால் ஒளிந்துகொள்ள முடியாது. சர்க்கரைக்கு அந்தத் தொல்லை இல்லை.

அன்றோடு ஜூஸ் நின்றது. பவுடர் நின்றது. வேகவைத்த கடலை, கொய்யா, வெறும் பால். பல்லுக்கு டாக்டரம்மா சொன்ன பேஸ்ட், பட்டாணி அளவு, காலையும் ராத்திரியும். உப்பு குழம்போடு சரி.

நாலு நாள் அழுதாள். "உப்புக் குழாய உட்டு என் ஜூஸ புடுங்கிட்டாங்க" என்று தெருவெல்லாம் சொன்னாள். பிறகு மறந்துவிட்டாள். பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள். வாங்கித் தருகிற நமக்குத்தான் கை நிற்காது.

போன வாரம் மறுபடி திண்டிவனம் போனோம். டாக்டரம்மா அந்தக் கடைவாய்ப் பல்லைத் தட்டிப் பார்த்தார். நோண்டிப் பார்த்தார்.

"நின்னுடுச்சும்மா. புடுங்க வேணாம்."

"மத்ததெல்லாம்?"

"அதுவும் நல்லா இருக்குது. நம்பிக்கை இல்லன்னா நீயே எண்ணிப் பாத்துக்க" என்று டார்ச்சை என் கையில் கொடுத்தார்.

அபி 'ஆ' காட்டினாள். மேல்வரிசை முடித்து, கீழ்வரிசை கடைசிப் பல் வரை எண்ணினேன்.

இருபது.