அது எங்களுக்குப் போட்ட ஊசி

மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் தெருவில் பூனைகளுக்குப் பஞ்சமில்லை. நான் வீட்டுக்குள் வைத்து வளர்த்தது ஒரு செவலைக் குட்டியை மட்டும்தான். அதற்கு நான்கு மாதம் ஆனதும் ஒரு தனியார் கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன்.

“பூனைக்கு வர்ற நோய்க்கெல்லாம் சேத்துப் போட்டுருங்க சார்.”

ஒரே ஒரு ஊசி போட்டார். “போட்டாச்சும்மா. இனி ஒரு வருசத்துக்குக் கவலையில்ல.”

நம்பினேன். மழை ஓய்ந்த சமயத்தில் ஒருநாள் குட்டி மஞ்சளாக வாந்தி எடுத்தது. தண்ணீர்க் கிண்ணத்தின்மேல் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தது. ஒரு வாய் குடிக்கவில்லை. அந்த டாக்டர் ஊரில் இல்லை. திருச்செந்தூர் சாலையில் இருக்கும் பெண் டாக்டரிடம் ஓடினேன். என்ன ஊசி போட்டது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவரே அந்த டாக்டருக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு என்னைப் பார்த்தார்.

“வெறிநோய்க்கு மட்டுந்தான் போட்டிருக்காங்க. நாய்க்குப் பார்வோன்னு வாந்தியும் பேதியுமா வருதுல்லா, அதே மாதிரி பூனைக்கும் உண்டு. அதுக்கு வேற ஊசி. அதையும் சில வாரம் கழிச்சு மறுபடியும் ஒரு தடவ போட்டாதான் உடம்புல எதிர்ப்பு நிக்கும்.”

வெறிநோய் ஊசி பூனைக்கும் நல்லதுதான். ஆனால் பூனை கடித்து அந்த நோய் எங்களுக்கு வந்துவிடுமோ என்ற பயத்தில்தானே ஊரே அதைப் போடுகிறது! என் குட்டியைக் கொல்ல வந்த நோய்க்கு யாரும் எதுவும் போடவில்லை. குளுக்கோஸ் ஏற்றியும் பிழைக்கவில்லை.

முதல் டாக்டர் திரும்பி வந்ததும் போனேன். நாய்களோடு காத்திருந்தவர்கள் முன்னால் சத்தமாகவே கேட்டேன்.

“பூனைக்குன்னு யாரும் கேக்கதில்லம்மா. அதனால அந்த மருந்து வாங்கி வைக்கதில்ல.”

“நான் கேட்டேனே! இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வேற இடம் போயிருப்பேன்லா?”

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் எதிர்வீட்டு அக்கா ஒரு கறுப்புக் குட்டியோடு வாசலில் நிற்கிறாள்.

“ஏளா, அழாத. இந்தா, இத வளத்துக்கோ.”

“உள்ள விடாதீங்க!” என்று கத்திவிட்டேன். அவள் முகம் சுருங்கிப்போனது. அந்தக் கிருமி தரையிலும் துணியிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், ஊசி போடாத குட்டி உள்ளே வந்தால் இதுவும் செத்துப்போகும் என்று பிறகுதான் சொன்னேன்.

“பூனைக்குப் போயி இவ்வளவு பாடா?” என்றாள். அதற்கும் கோபம் வந்தது. ஆனாலும் குட்டியை அவள் வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். பெண் டாக்டரிடம் நான்தான் கொண்டுபோனேன், இரண்டு முறையும். ஊசியை எடுப்பதற்கு முன் மருந்துக் குப்பியைக் கையில் வாங்கி, அதில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தேன். டாக்டர் பொறுமையாக நின்றார். அவர்மேல் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. இருந்தாலும் படித்து முடிக்காமல் குப்பியைத் திருப்பித் தரவில்லை.