நாற்பத்தேழாம் கிணறு

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து வாப்பா எண்களை வாசித்தார். நான் கணினியில் ஏற்றினேன். தோப்பூரிலிருந்து வெருகல் வரை அறுபது கிணறுகள்; அந்த வாரம் ஒவ்வொன்றிலும் இருந்த உப்பின் அளவு. நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அது.

வாப்பாவின் பெயர் கலீலுர் றஹ்மான். தண்ணீர் அலுவலகம் ஒன்றுக்காகப் பதினொரு வருடம் மோட்டார் சைக்கிளில் கிணறு கிணறாகப் போனவர். உப்பு மீட்டரைத் தண்ணீரில் விடுமுன் ஒரு மிடறு குடித்துப் பார்ப்பார். நாக்கும் மீட்டரும் ஒத்துப்போகாவிட்டால் மீட்டரைக் கழுவி மறுபடி விடுவார்.

அறுபதைப் பத்தாகக் குறைக்க அலுவலகம் விரும்பியது. எந்தப் பத்து என்று கணித்துக் கொடுத்தவள், அவர்களின் ஆய்வுகூடத்தில் வேலை செய்த நான். கிணறுகளின் உப்பு பெரும்பாலும் சேர்ந்தே ஏறி இறங்கும். பத்தை அளந்தால் மற்ற ஐம்பதையும் ஊகிக்கலாம். மிகச் சிறந்த பத்தைத் தேட ஏழாயிரத்து ஐந்நூறு கோடிக்கு மேற்பட்ட தெரிவுகள். இவ்வகைக் கணக்கை எப்போதும் விரைவாகத் தீர்க்கும் வழி எவரிடமும் இல்லை. ஆகவே கிட்டத்தட்டச் சரியான பத்தை எடுத்தேன். மொத்தப் பிழை ஓர் எல்லையைத் தாண்டாது என்பதற்கு நிரூபணம் உண்டு. பழைய எண்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்த மொத்தத்துக்குத்தான் அந்த உறுதி. தனி ஒரு கிணற்றுக்கு எதுவும் இல்லை. அறிக்கையில் அதை நான் எழுதவில்லை.

அந்த வெள்ளிக்கிழமைதான் வாப்பா என் பட்டியலைப் பார்த்தார்.

"நாப்பத்தேழு இல்லையா மகள்?"

"இல்ல வாப்பா. மத்தக் கிணறுகள வெச்சுச் சொல்லலாம்."

"மத்தக் கிணத்துத் தண்ணியையா சிவரூபி குடிக்கிறா?"

நாற்பத்தேழு, இலங்கைத்துறையில் சிவரூபி வீட்டுக் கிணறு. அப்போது அவளுக்கு ஆறாம் மாதம்.

பத்துக் கிணற்றுக்கு அலுவலக ஜீப்பே போதும் என்றார்கள். வாப்பாவிடம் மீட்டரைத் திருப்பி வாங்கினார்கள். எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.

ஏழு வாரம் கழித்து, ஒரு ஞாயிறு, வாப்பா இலங்கைத்துறைக்குப் போய் ஒரு போத்தல் தண்ணீரோடு வந்தார்.

"கரிக்குது மகள். பக்கத்துல புதுசா இறால் குளம் வெட்டியிருக்கானுகள். அந்தப் புள்ள சிவரூபிக்குக் காலெல்லாம் வீக்கம். உங்கட ஆய்வுகூடத்துல குடுத்துப் பாருங்க."

"கணக்குப்படி அறுநூத்தி நாப்பதுதான் வாப்பா. எழுநூத்தம்பது வரைக்கும் குடிக்கலாம்."

"ஓ, கணக்குக் குடிச்சுப் பாத்ததாக்கும்."

இறால் குளம் என் அட்டவணையில் இல்லை. போத்தலைக் குசினியில் அடுப்பருகே வைத்தேன். திங்கள் மறந்துபோனேன். செவ்வாய் விடியலில் ஸுபஹ் தொழுதுவிட்டு எழும்பும்போது வாப்பா விழுந்தார். மாரடைப்பு. அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன் அடக்கம் செய்துவிட்டார்கள்.

வெள்ளியன்று தண்ணீரை அளந்தேன். இரண்டாயிரத்து நூற்று நாற்பது. மூன்று தரம் அளந்தேன்.

சிவரூபிக்குச் சொல்ல வாப்பாவின் போனை எடுத்தேன். புதன்கிழமை அவள் அனுப்பிய குரல் பதிவு, கேட்கப்படாமல் இருந்தது.

"ஐயா, இண்டைக்கு வந்து சொல்றன் எண்டீங்கள். பின்னேரம் வரைக்கும் பாத்துக்கொண்டிருந்தனான். தண்ணி நல்லமோ? நீங்கள் சொல்லும்வரைக்கும் நான் இதைத்தான் குடிச்சுக்கொண்டிருக்கிறன்."