கறுப்பு மை அடித்த பன்னிரண்டு தாள்

அந்த அரசுப் பல்கலைக்கழகத்தில் யார் எந்தக் காகிதத்தைக் கேட்டு மனுப் போட்டாலும், அது சுற்றிச் சுற்றிக் கடைசியில் ஒருத்தியின் மேசைக்குத்தான் வந்து விழும். பொதுமக்கள் கேட்டால் முப்பது நாளைக்குள் கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டமே இருக்கிறதாம். சும்மா விடுவார்களா ஜனங்கள்? துணைவேந்தர் உட்காரும் நாற்காலியிலிருந்து தோட்டத்துக்கு வாங்கின மண்வெட்டி வரைக்கும் கேட்பார்கள். அத்தனைக்கும் கட்டை அவிழ்த்து, தூசு தட்டி, தும்மித் தும்மி எடுத்துக் கொடுத்தவள் அவள். பதினெட்டு வருஷம். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. வாசல் காவலாளியிலிருந்து பெரிய அதிகாரி வரைக்கும் எல்லாருக்கும் அவள் ரெக்கார்டு அக்காதான்.

வாய் கொஞ்சம் நீளம். ஆனால் வேலையில் குறை சொல்ல ஆள் கிடையாது. அதை யார் மறுத்தாலும் ஒத்துக்கொள்ள முடியாது.

சில காகிதங்களை அப்படியே கொடுக்கக்கூடாது. உள்ளே இருக்கிற ஆட்களின் பேரை மறைத்துத்தான் கொடுக்க வேண்டும். அதற்கு அவள் ஒரு முறை வைத்திருந்தாள். முதலில் ஒரு ஜெராக்ஸ். அதில் பேர் வருகிற இடமெல்லாம் தடித்த பேனாவால் கறுப்பு மை பூசுவாள். பூசியதை மறுபடி ஜெராக்ஸ் எடுப்பாள். அந்த இரண்டாவது நகல்தான் வெளியே போகும். மை பூசிய தாளையே கொடுத்தால் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறவனுக்கு உள்ளே இருக்கிற எழுத்து எலும்பு மாதிரி தெரியும். அதனால் வெளியே போகிற கட்டு இடது பக்கம், கிழிக்கிற கட்டு வலது பக்கம். பதினெட்டு வருஷமாக இது மாறினதில்லை. கண்ணை மூடிக்கொண்டு எடுப்பாள்.

அன்றைக்கு அவள் தலைக்கு மேல் இருந்த டியூப்லைட் எரியவில்லை. ஜன்னல் வெளிச்சத்துக்காக நாற்காலியைத் தூக்கி மேசைக்கு எதிர்ப்பக்கம் போட்டு உட்கார்ந்தாள். கட்டுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. அவள்தான் மாறி உட்கார்ந்திருந்தாள்.

பதினொரு மணிக்கு மனுக்காரர் வந்தார். அவரைத் தெரியாதவர்கள் அந்தக் கட்டடத்தில் இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், கக்கத்தில் தோல்பை, இதுவரை நாற்பத்தோரு மனு. தபாலை நம்பமாட்டார், நேரில் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். அவள் இடது கையை நீட்டிக் கட்டை எடுத்தாள், உறையில் போட்டாள், ஒட்டினாள், கொடுத்தாள்.

"என்னம்மா ரெக்கார்டு, இந்தத் தடவை எத்தனை கறுப்பு?"

"உங்க மீசையில இருக்கிறதைவிட ஜாஸ்திதான் சார்."

சிரித்துக்கொண்டே போனார். அவளும் சிரித்தாள்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கிழிக்கிற கட்டைக் கையில் எடுத்தாள். முதல் தாளைத் திருப்பினாள். முதுகு வெள்ளை வெளேர் என்று இருந்தது. மை பூசிய தாளுக்குப் பின்னால் ஊறின கறை இருக்கும். இதில் ஒரு பொட்டு இல்லை. அடுத்ததைத் திருப்பினாள். அதற்கடுத்ததை. பன்னிரண்டும் வெள்ளை.

மை பூசிய கட்டுதான் வெளியே போயிருந்தது. ஒரு துண்டுத் தாளில் எதையோ எழுதி, மேலே மை பூசி, ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தாள். எழுத்து எழுத்தாக வாசிக்க முடிந்தது.

அந்தப் பன்னிரண்டு தாளும் ஒரு புகார். ஒரு துறைத் தலைவர் மேல் அவரிடம் ஆராய்ச்சி செய்கிற பெண் கொடுத்தது. அறைக்குக் கூப்பிட்டது, கையைப் பிடித்தது, வெளியே சொன்னால் பட்டம் கிடைக்காது என்று மிரட்டியது எல்லாம் அதில் இருந்தது. கமிட்டி விசாரித்துக்கொண்டிருந்தது. புகார் வந்திருப்பது அவருக்குத் தெரியும். அவருக்குக் கீழே ஆராய்ச்சி செய்கிற ஏழு பெண்களில் யார் கொடுத்தது என்பது தெரியாது. புகார் கொடுத்த அன்றைக்கு அந்தப் பெண் ரெக்கார்டு அக்காவின் மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, என் பேரு வெளிய போயிடாதே?"

"என் கையைத் தாண்டி எங்கம்மா போகும்?"

"இல்லக்கா... லேப்ல நான் தனியாத்தான் இருப்பேன். அந்தக் கதவுக்கு அவர்கிட்டயும் ஒரு சாவி இருக்கு."

அந்தச் சாவி இப்போது ரெக்கார்டு அக்காவின் நெஞ்சுக்குள் திரும்புகிற மாதிரி இருந்தது. எழுந்து சூப்பிரண்டின் அறைக்குப் போனாள். அவருக்குக் கண்ணாடிக்காரர் என்று பேர். பயம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவள் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை துடைத்துவிட்டார்.

"யார்கிட்ட சொன்ன?"

"உங்ககிட்டதான் சார்."

"அப்ப இதோட விடு. அந்த ஆளு வெளிச்சத்துல தூக்கிப் பாப்பாருன்னு என்ன நிச்சயம்?"

"பாக்கமாட்டாருன்னு என்ன நிச்சயம் சார்? ஒரு லெட்டர் குடுங்க, போய்த் திருப்பி வாங்கிட்டு வந்துடறேன்."

"லெட்டரா?" அவர் குரல் கம்மிப்போயிற்று. "எழுதினா அதுவும் ஒரு ரெக்கார்டு. நாளைக்கே ஒருத்தன் மனுப் போட்டு அதையும் கேப்பான். உன் வேலையும் போகும், என் வேலையும் போகும். எனக்கு ரெண்டு வருஷம்தான் பாக்கி. மூச்சு விடாதே. போய் உக்காரு."

போய் உட்காரத்தான் செய்தாள். பொய் சொல்வானேன், கால் மணி நேரம் உட்கார்ந்தாள். வீட்டில் முதுகெலும்பு ஒடிந்து படுத்திருக்கிற புருஷன் இருந்தான். அவன் மருந்துக்கு இந்தச் சம்பளம்தான். சும்மா இருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. அப்படி நினைக்கிறபோதே சுவர் மணியைப் பார்த்தாள். இரண்டே கால். இந்நேரம் அந்தப் பெண் லேபில் இருப்பாள்.

வெள்ளை முதுகுக் கட்டை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் கிளம்பினாள்.

மனுக்காரரின் வீடு இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளி, ஒரு தையல்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. படி ஏறும்போது கீழே மிஷின் ஓடுகிற சத்தமா, தன் நெஞ்சு அடிக்கிற சத்தமா என்று அவளுக்குத் தெரியவில்லை. கதவு திறந்தே இருந்தது. ஜன்னலை ஒட்டி மேசை. மேசை மேல் உறை. உறையின் வாய் வெட்டியிருந்தது.

"அட, ரெக்கார்டு! வீடு தேடி வந்திருக்க. உக்காரு, உக்காரு."

அவள் உட்காரவில்லை. "சார், அந்தக் கட்டு... பிரிண்டு சரியா விழல. நல்லதா கொண்டாந்திருக்கேன். அதைக் குடுத்துடுங்க."

மனுக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். நாற்பத்தோரு மனுப் போட்டவருக்கு முகத்தைப் படிக்கத் தெரியாதா? "பிரிண்டு சரியில்லன்னா ஃபோன் பண்ணியிருப்பே. பஸ் ஏறி வரமாட்டே."

"நான் தப்பான கட்டைக் குடுத்துட்டேன் சார்."

"என்ன தப்பு?"

அதை எப்படிச் சொல்வது? சொன்னால், பார்க்காதவரும் தூக்கிப் பார்ப்பார். அவர் உறைக்குள் விரலை விட்டுத் தாள்களைப் பாதி வெளியே இழுத்தார். மூன்று மணி வெயில் ஜன்னல் வழியாக நேராக மேசை மேல் விழுந்துகொண்டிருந்தது.

"சார், பிரிச்சுப் பாத்தீங்களா?"

"எண்ணிப் பாத்தேன். பன்னெண்டு இருக்கான்னு. வழக்கமா செய்யறதுதானே."

"இந்தப் புகார் உங்களுக்கு எதுக்கு சார்? யாரு கேக்கச் சொன்னது?"

மனுக்காரர் சிரித்தார். காலையில் சிரித்த அதே சிரிப்புதான். ஆனால் இப்போது அவளால் கூடச் சிரிக்க முடியவில்லை. "அவங்க பேரும் வெளிய போகக்கூடாதில்ல, ரெக்கார்டு? உங்க ஆபீசுக்கு மட்டும்தான் மறைக்கத் தெரியுமா?"

மனுக்காரர் உறையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"எனக்குக் காகிதத்துக்குக் காகிதம்தான்," என்றார். "வாய்ச் சொல்லுக்கு இங்க விலை இல்ல. தப்பான நகலைக் குடுத்துட்டேன், திருப்பி வாங்கிக்கிறேன்னு எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுக் குடு. கட்டை எடுத்துக்கோ."

எழுதாதே என்று அங்கே ஒருத்தர் சொல்லியிருந்தார். எழுது என்கிறார் இவர். அவள் பேனாவைக் கேட்டு வாங்கினாள். மூன்று வரி. தேதி போட்டாள், கையெழுத்துப் போட்டாள். அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தோல்பைக்குள் வைத்துக்கொண்டார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற பழக்கம் அவருக்கு இருந்தது. அதை அவள் கண்ணாலேயே பார்த்துவிட்டாள்.

வெள்ளை முதுகுக் கட்டைக் கொடுத்துவிட்டு, பழைய கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் ஆபீசுக்குத் திரும்பவில்லை. நேரே லேபுக்குப் போனாள். நீளமான தாழ்வாரம். கடைசி அறை. அந்தப் பெண் கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, முகமே சரியில்ல?"

சொல்லிவிட்டாள். எதையும் மழுப்பவில்லை. நாற்காலி மாற்றிப் போட்டதைச் சொன்னாள், உறை வெட்டியிருந்ததைச் சொன்னாள், வெளிச்சத்தில் பிடித்ததைச் சொன்னாள். அந்தப் பெண்ணின் முகத்தில் ஈயாடவில்லை. குழாயிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.

"அப்ப அவர் பாத்தாரா அக்கா?"

"எண்ணித்தான் பாத்தேன்னு சொல்றாரு."

"நீங்க நம்புறீங்களா?"

"நம்பணும்னு ஆசையா இருக்கும்மா. முடியல."

பெண் குழாயை மூடினாள். மூடின பிறகுதான் தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. நிதானமாக, ஒன்று ஒன்றாக. கதவுக்கு வெளியே நின்றது. சாவிக்கொத்து குலுங்கிற்று. கதவு பூட்டியிருக்கவே இல்லை. ஆனாலும் சாவி துவாரத்துக்குள் போய் ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி பின்னால் திரும்பியது.

துறைத் தலைவர் கதவைத் தள்ளினார். அவளைப் பார்த்ததும் புருவம் உயர்ந்தது. "ரெக்கார்டு அக்காவா? இந்தப் பக்கம் என்ன வேலை?"

"இந்தப் பொண்ணைக் கூட்டிட்டுப் போக வந்தேன் சார்."

"எங்க?"

"வீட்டுக்கு. எங்க வீட்டுக்காரருக்கு உடம்பு முடியல, கூட மாட ஒத்தாசைக்கு."

அவர் பெண்ணைப் பார்த்தார். அந்தப் பார்வையில் தெரிந்துகொண்டவன் பார்வை இருந்ததா, தினமும் பார்க்கிற பார்வைதானா என்று ரெக்கார்டு அக்கா தன் கண்ணையெல்லாம் செலவழித்துப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. "நல்லது. போயிட்டு வாங்க," என்று வழிவிட்டார். வாசலைத் தாண்டும்போது அவர் சட்டையின் சலவை வாசனை இரண்டு பேர் மேலும் அடித்தது.

வெளியே மரத்தடிக்கு வந்ததும் பெண் வேரின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"புகாரை வாபஸ் வாங்கிடவா அக்கா?"

"அதை நான் சொல்லக்கூடாதும்மா. நீ என்ன சொன்னாலும் நான் கூட வருவேன்."

பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாங்கல. ஆனா அந்த லேபுக்கு இனிமே போகமாட்டேன். வேற எடம், வேற பூட்டு. எனக்குப் பயமா இருக்குன்னு எழுதிக் குடுக்கணும்," என்றாள்.

கமிட்டிச் செயலாளர் அம்மா பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். இவர்கள் போய் நின்ற கோலத்தைப் பார்த்து மறுபடி உட்கார்ந்தார். பெண் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டே வந்தார். பாதியில் பேனா நின்றது.

"பேரு வெளிய போயிருக்கலாம்னா, எப்படிப் போச்சு? யாரோட தப்பு?"

பெண் சட்டென்று, "அது வந்து மேடம், ஆபீஸ்ல எப்படியோ..." என்று இழுத்தாள். அவளுக்கு இருந்த நடுக்கத்திலும் அக்காவைக் காப்பாற்றப் பார்த்தாள்.

ரெக்கார்டு அக்கா அந்தப் பன்னிரண்டு தாளையும் மேசை மேல் வைத்தாள். வீட்டில் படுத்திருக்கிற புருஷன் ஞாபகம் வந்தது. கண்ணாடிக்காரர் ஞாபகமும் வந்தது. இருந்தாலும் வார்த்தை வந்துவிட்டது.

"என்னோடதும்மா," என்றாள். "எழுதிக்குங்க."