கட்டங்களாக வந்த பெயர்

ஜெசிந்தா இறந்த செய்தி என் மருமகளின் செல்போனில் வந்தது. கண்ணீர் அஞ்சலித் தாள். படம் தெளிவாக இருந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள். "எழுத்தே இல்லையே அத்தை" என்றாள் மருமகள். அந்தக் கட்டங்களை நான் முன்பே பார்த்தவள்.

ஆலந்தலைக் கோயில் தெருவில் ஜெசிந்தா வைத்திருந்த கம்ப்யூட்டர் கடையை அறியாதவர் எங்கள் ஊரில் யாருமில்லை. கப்பலில் வேலை பார்த்த என் மகன் அருள் நெஞ்சுவலி வந்து அயல்நாட்டுத் துறைமுகத்தில் இறந்தபோது, உடலைக் கேட்டுக் குடும்பத்தார் எழுதித் தரவேண்டும் என்றார்கள். நான் சொல்லச் சொல்ல, கப்பல் கம்பெனியின் இணையப் படிவத்தில் அவள்தான் தமிழில் தட்டினாள். திரையில் எழுத்து முத்து முத்தாக இருந்தது. அனுப்பிவிட்டாள். படிவம் பிடிஎஃப் ஆகும் இடத்தில் தமிழ் ஃபாண்ட் இல்லை; எல்லாம் கட்டமாகிவிட்டது. நகல் அவளுக்கும் வந்தது. அவள் அதை அப்போதே திறந்து பார்க்கவில்லை. வீட்டாரிடமிருந்து பதில் இல்லையென்று, கெடு முடிந்ததும் பிள்ளையை அங்கேயே புதைத்துவிட்டார்கள்.

"எனக்குத் திரையில சரியாத்தான் தெரிஞ்சுது, பெரியம்மா" என்று வாசலில் நின்று அழுதாள்.

"என் பிள்ளைய அங்கன புதைச்சது நீதான்ளா" என்றேன்.

ஆறு வருடம் முகம் கொடுக்கவில்லை. பிறகு பென்ஷன் படிவத்துக்கு வேறு வழியில்லாமல் போனேன். செய்து முடித்த பிடிஎஃப்பைத் தமிழே இல்லாத ஒரு பழைய போனுக்கு அனுப்பி, அதில் திறந்து, வரிவரியாக விரல் வைத்து வாசித்தாள்.

"ஏளா, படிவம் போடுதியா, செபமாலை சொல்லுதியா?" என்றார் பின்னால் நின்ற ஒருவர்.

"ரெண்டுந்தான் அண்ணாச்சி. செத்த நில்லுங்க."

என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "எழுத்தையும் தாளுக்குள்ளயே பொதிஞ்சு அனுப்பணும் பெரியம்மா. போற இடத்துல நம்ம எழுத்து இருக்கும்னு நம்பப்படாது."

அன்றைக்கு 'போகட்டும்ளா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தாளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடக்கத்தன்று அவள் வீட்டுக் கதவிலும் அதே கட்டங்கள் ஒட்டியிருந்தன. "ஏலே, அக்கா பேரு தெரியல. மாத்து" என்றேன் அவள் தம்பியிடம்.

"என் கம்ப்யூட்டர்ல சரியாத்தான் இருக்கு பெரியம்மா. அடிச்சா இப்படி வருது. எனக்கு ஒண்ணும் ஓடல."

அவனைத் திட்ட வாய் வரவில்லை. சரிசெய்யத் தெரிந்தவள் உள்ளே சவப்பெட்டியில் கிடந்தாள். பேனா வாங்கி, கட்டங்களுக்குக் கீழே அவள் பெயரை எழுதினேன். மூன்றாம் வகுப்புக் கை, கோணலாகத்தான் வந்தது.

அருளைப் புதைத்த மாதமே, கம்பெனிக்கு நான் சொல்லி எழுதிய அந்தக் கடிதத்தை ஜெசிந்தா எழுத்து சரியாக வரும்படி தாளில் அடித்து, என் வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். மடித்தது மடித்தபடி என் டிரங்குப் பெட்டியில் போட்டிருந்தேன். அடக்கம் முடிந்து வந்துதான் பிரித்தேன். 'என் பிள்ளையை என்னிடம் அனுப்பி வையுங்கள்.' ஒரு எழுத்தும் குறையவில்லை. அந்தத் தாளை வைத்திருக்கிறேன். அவளிடம் சொல்லாத வார்த்தையும் என்னிடமே இருக்கிறது. இனி அதை எங்கே அனுப்ப?