அண்ணாச்சி ஒரு போன் போட்டிருக்கலாம்

உக்கிரபாண்டி என்ற பெயரைக் கேட்டவர்கள் முறுக்கு மீசையை எதிர்பார்த்து வருவார்கள். வந்து பார்த்தால் ஒல்லியான, வாய் திறந்தால் பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கிற மனிதர் ஒருவர் நிற்பார். ஏழாயிரம்பண்ணைக்குக் கிழக்கே ஒரு பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறைக்கு இருபத்தெட்டு வருடம் போர்மேன். வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் எல்லாவற்றையும் வெயில் ஏறுவதற்குள் கலந்து முடித்துவிட வேண்டும். அந்த அறையில் கோபக்காரனுக்கும் அவசரக்காரனுக்கும் இடமில்லை. பாண்டி இரண்டும் இல்லை என்பதால்தான் முதலாளிகள் இரண்டு தலைமுறையாக அவரை அங்கேயே வைத்திருந்தார்கள்.

ஐம்பத்தேழு வயதில் அவருக்குச் சிறுநீர் மக்கர் பண்ணியது. சூடு என்று நினைத்து ஆறு மாதம் இளநீராகக் குடித்துத் தீர்த்தார். நம் ஊர் ஆம்பளைகளுக்கு இடுப்புக்குக் கீழே எது வந்தாலும் அது சூடுதான். ரத்தம் வந்த பிறகுதான் அவர் மனைவி பஞ்சம்மாள் அவரைப் பிடித்து மதுரைக்கு இழுத்துப் போனாள். புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்றார்கள், மாசியில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். டாக்டர் நல்ல மனிதர்தான். "கட்டியை எடுத்தாச்சு, கொஞ்ச நாள் சிறுநீர் ஒழுகும், போகப்போகச் சரியாகும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அந்தக் கொஞ்ச நாள் எப்படி இருக்கும் என்பதைப் பாண்டி வீட்டுக்கு வந்துதான் தெரிந்துகொண்டார். இருமினால் நனைந்தது. எழுந்தால் நனைந்தது. பேத்தியைத் தூக்கினால் நனைந்தது. இரண்டு மாதம் அவர் வாசலைத் தாண்டவில்லை.

ஆஸ்பத்திரி நர்ஸ் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்த நம்பருக்குப் பஞ்சம்மாள்தான் போன் செய்தாள். சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கும் லட்சுமிகாந்தம் அண்ணாச்சி எடுத்தார். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிப்பவர், பெரிய கை. அவருக்கு இதே ஆபரேஷன் நாலு வருடத்துக்கு முன்னால் ஆகியிருந்தது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அச்சக மாடியில், இதே நோய் கண்ட ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். லாரி வைத்திருப்பவர், ரிட்டயர்டு வாத்தியார், மல்லாங்கிணறு பக்கம் வெள்ளாமை செய்யும் சம்சாரி என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஆட்கள்.

முதல் நாள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த பாண்டியிடம் அண்ணாச்சி சொன்னார். "நல்லாச் சாஞ்சு உக்காருங்க தம்பி. இங்கன முதலாளி தொழிலாளி கிடையாது. எல்லாருக்கும் ஒரே இடத்துலதான் ஒழுகுது. ஒரே ஒரு சட்டம்தான். இங்க பேசுறது அந்தப் படியைத் தாண்டி இறங்கப்படாது."

எல்லோரும் சிரித்தார்கள். பாண்டியும் சிரித்தார், கொஞ்சம் நனைந்தது, கவலைப்படவில்லை.

அந்த மாடி இல்லாவிட்டால் அவர் தேறியிருக்கவே மாட்டார், இதை இன்றைக்கும் மறுக்க மாட்டார். எழுவதற்கு முன் எந்தத் தசையை எப்படி இறுக்கிப் பிடிப்பது, டீயை ஏன் குறைக்க வேண்டும், தண்ணீரை ஏன் குறைக்கக் கூடாது என்பதெல்லாம் அங்கேதான் கற்றுக்கொண்டார். டயப்பர் பொட்டலங்களை அண்ணாச்சி மதுரையிலிருந்து மொத்தமாக வரவழைத்துப் பேப்பர் சுற்றிப் பிரித்துக் கொடுப்பார். பாண்டிக்கு மாதம் இரண்டு. மூன்றாவது கூட்டத்தில் பாண்டி, பஞ்சம்மாளிடம்கூடச் சொல்லாததைச் சொன்னார். "அவ பக்கத்துல படுக்கவே வெக்கமா இருக்கு. இனிமே நான் எதுக்கு ஆவேன்னு தெரியல." வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணாச்சி எழுந்து வந்து அவர் தோளில் கையை வைத்து, "எனக்கும் அப்பிடித்தான்யா இருந்துச்சு" என்றார். கூடப் பிறந்த யாரும் இல்லாத பாண்டிக்கு அன்றைக்கு ஓர் அண்ணன் கிடைத்தார்.

ஆடியில் வேலைக்குத் திரும்பினார். தீபாவளி சீசன், கலவை அறைக்கு ஆள் போதவில்லை. கழிப்பறை அங்கிருந்து எட்டத்தில் இருந்தது, பாதி வேலையில் மருந்தைப் போட்டுவிட்டு ஓட முடியாது. அதற்குப் பஞ்சம்மாள் ஒரு வழி செய்திருந்தாள். அவருடைய பழைய பருத்தி வேட்டிகளைக் கிழித்து, வெந்நீரில் அலசி, ஆறு மடிப்பாக மடித்துத் தைத்துக் கொடுத்தாள். டயப்பர் கல்யாணத்துக்கும் பஸ்ஸுக்கும் மட்டும்தான். ஆலைக்குக் கிளம்பும்போது வேட்டித் துணிதான். கலவை அறைக்குள் பாலியஸ்டரோ பிளாஸ்டிக்கோ ஒரு நூல்கூடப் போகக் கூடாது, உரசினால் பொறி வரும், ஒரு பொறி போதும். உள்ளே நுழையும் ஒவ்வொரு ஆளும், உடம்பில் ஏறிய மின்சாரம் மண்ணில் இறங்க, வாசலில் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். நைலான் பனியன் போட்டு வந்த ஒருவனை ஒரு நாள் சம்பளத்தோடு வீட்டுக்கு விரட்டியவர் பாண்டி. ஆலைக்குத் துணிதான் கட்டிப் போகிறேன் என்பதை மாடியில் அவர் சொல்லவில்லை. தீப்பெட்டியைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகமாட்டேன் என்று யாராவது சொல்லிக்கொண்டு திரிவார்களா?

புரட்டாசியில் சாத்தூர் பக்கம் ஓர் ஆலை வெடித்தது. டி.வி.யில் புகையைக் காட்டிக்கொண்டே இருந்தார்கள். மறுநாள் காலை பாண்டி கலவை அறை வாசலில் தகட்டைத் தொடக் கையை நீட்டியபோது மேனேஜர் சரவணக்குமார் ஓடி வந்து தடுத்தான். முதலாளி கூப்பிடுகிறாராம்.

முதலாளி காளிராஜுக்கு நாற்பது வயது. மேசைக் காலண்டரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "பாண்டி, தப்பா நினைக்காதீக. நீங்க டயப்பர் கட்டிக்கிட்டு மருந்து ரூமுக்குப் போறதாக் கேள்விப்பட்டேன். அது பிளாஸ்டிக்கு. உங்களுக்கு நான் சொல்லணுமா?"

பாண்டி கேட்டார். "யாரு சொன்னா?"

"லட்சுமிகாந்தம் அண்ணாச்சிதான். நம்ம லேபிளு அவருதானே அடிக்காரு. நேத்து டி.வி. பாத்துட்டு பயந்து போன் போட்டாரு. நல்லதுக்குத்தான் சொன்னாரு."

அந்த நிமிடத்தில் பாண்டிக்கு வந்தது கோபம் இல்லை, அவமானம். மாடி ஞாபகம் வந்தது. தோளில் வைத்த கை ஞாபகம் வந்தது. பஞ்சம்மாளைப் பற்றிச் சொன்னது ஞாபகம் வந்தது. அதையும் சொல்லியிருப்பாரோ? முதலாளி ஏன் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறார்?  

"துணிதான் முதலாளி. பருத்தி" என்றார்.

காளிராஜ் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கூரையைப் பார்த்தான். அந்தப் பார்வை பாண்டிக்குப் புரிந்தது. திரும்பி நின்று, வேட்டிக்குள் கைவிட்டு, ஆறு மடிப்புத் துணியை உருவி எடுத்து மேசைமேல், ஆர்டர் பேப்பர்களின் பக்கத்தில் வைத்தார். லேசாக ஈரமாக இருந்தது.

"தொட்டுப் பாருங்க."

யாரும் தொடவில்லை. காளிராஜ் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். "எடுத்துக்கிடுங்க பாண்டி, நம்புறேன். ஆனா பேச்சு வெளிய போயிருச்சுல்ல? நாளைக்கு இன்ஸ்பெக்சன் வந்து எவனாவது வாயத் தெறந்தா லைசென்சு போயிரும். நீங்க வாசக் கேட்டு வேலைக்குப் போயிருங்க. அதே சம்பளம்."

உண்மையைக் காட்டிவிட்டார், உண்மையால் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வாரத்துக்குள் ஆலை முழுவதற்கும் தெரிந்துவிட்டது. பெண்கள் அவரைப் பார்த்தால் சேலை முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். இளவட்டங்கள் முதுகுக்குப் பின்னால் அவருக்குப் புதுப் பெயர் வைத்தார்கள். அதை இங்கே எழுத மாட்டேன்.

முதல் ஞாயிறு வந்தது, பாண்டி மாடிக்குப் போகவில்லை. அண்ணாச்சியே காரில் வந்தார். வாசலில் கொடியில் வேட்டித் துணிகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. அவர் அதைப் பார்த்தார், விரலால் ஒன்றைத் தடவினார், முகம் செத்துப் போயிற்று.

பஞ்சம்மாள் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. உள்ளே போய்விட்டாள்.

"தம்பி, மன்னிச்சிருங்க. தெரியாமப் போச்சு. மாசம் ரெண்டு பொட்டலம் வாங்குறீகளேன்னு நானா நெனைச்சுக்கிட்டேன். டி.வி.யில அந்தப் பொம்பளைக அழுறதப் பாத்ததும் எனக்கு ஒண்ணும் ஓடல. உள்ள அம்புட்டு உசுரு இருக்குல்ல?"

"அதுல மொத உசுரு என்னோடது அண்ணாச்சி" என்றார் பாண்டி. "எனக்கு அதுல அக்கறை இருக்காதா?"

அண்ணாச்சி கொடியிலிருந்து கையை எடுத்தார்.

"பயம் வந்தது தப்பில்ல. நானா இருந்தாலும் பயந்திருப்பேன். ஆனா போனைக் கையில எடுத்தீகள்ல? என் நம்பரும் அதுலதான் இருந்துச்சு. எனக்குப் போட்டு, ஏலே பாண்டி, என்ன கட்டிக்கிட்டுப் போறேன்னு வைதிருந்தாக்கூடச் சொல்லியிருப்பேன். உங்களுக்கு மொதல்ல ஞாபகம் வந்தது முதலாளி நம்பரு. மாடியில மட்டும்தான் நான் தம்பி. கீழ எறங்கிட்டா ஒங்களுக்கு அவுகதான் ஆளு."

லட்சுமிகாந்தம் போய்க் காரில் ஏறினார். கார் போன பிறகு பாண்டி வெகுநேரம் அழுதார். ஆபரேஷனுக்குக்கூட அழாதவர். கட்டியை எடுத்தபோது உடம்பில் ஒரு இடம்தான் போயிற்று, இப்போது மனிதர்கள்மேல் சாய்ந்துகொள்ளும் பழக்கமே போய்விட்டது.

சீசன் முடிந்தது. நோய் திரும்புகிறதா என்று பார்க்கும் பி.எஸ்.ஏ. ரத்தச் சோதனை நன்றாக வந்தது, ஒழுகுவதும் ஏறக்குறைய நின்றுவிட்டது. கலவை அறைக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள், பாண்டியைத் திரும்ப யாரும் கூப்பிடவில்லை. கேட்டில் நின்று, வருகிற ஆட்களின் பையில் தீப்பெட்டியும் செல்போனும் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதுதான் அவர் வேலை.

தையில் ஒருநாள் மத்தியானம், திரி அறையில் வேலை பார்க்கும் முனியராஜ் சாப்பாட்டு வேளையில் கேட் பக்கம் வந்து சும்மா நின்றான். ஐம்பத்து நாலு வயது. இவரைப் பார்த்து முதலில் சிரித்தவர்களில் அவனும் ஒருவன்.

"என்னலே?"

"ஒண்ணுமில்லண்ணே." வேலியைப் பார்த்தான். "முக்கி முக்கிப் போனாலும் சொட்டுச் சொட்டாத்தான் வருது. நாலு மாசமாச்சு. வீட்டுல சொல்லல. சூடுதானேண்ணே?"

வேறு யாரிடம் போவான்? இந்த ஆலையில் எல்லோருக்கும் தெரிந்த நோயாளி பாண்டி ஒருவர்தான். அதை அப்படி எல்லோருக்கும் தெரியவைத்த அண்ணாச்சிமேல் அவருக்கு ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. 

"சூடு இல்ல. திங்கக்கிழமை மதுரைக்குப் போறோம். நானே வாறேன். ரத்தம் எடுத்துப் பாத்தாத் தெரிஞ்சிரும்" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அவன் உள்ளங்கையில் அண்ணாச்சியின் நம்பரை எழுதினார். மனப்பாடமாக இருந்தது. "ஒருவேளை அதுவாத்தான் இருந்துச்சுன்னா, இவருகிட்டப் போ. இவரு சொல்லித் தாற மாதிரி டாக்டருகூடச் சொல்ல மாட்டாரு. வெக்கப்படாம எல்லாத்தையும் கேளு. பொண்டாட்டி விசயம்கூடக் கேளு."

முனியராஜ் தலையாட்டினான்.

"எங்க வேலை பாக்குறேன்னு மட்டும் சொல்லிறாத" என்றார் பாண்டி.