ஒற்றைப் பல்லுக்காகப் போனது

என் முன்பல் ஒன்றின் முனை உடைந்து நாற்பது வருஷம் ஆகிறது. நடவு வயலில் கொட்டைப்பாக்கைக் கடித்தபோது போனது. அன்றிலிருந்து கையை வாயில் வைத்துத்தான் சிரிப்பேன். மகனுக்கு முப்பத்தாறு வயதில் பெண் அமைந்தபோது எனக்கு ஒரே ஆசை, கல்யாணப் போட்டோவில் கையை எடுத்துவிட்டுச் சிரிக்க வேண்டும்.

மகளிடம் "பல்லைக் காட்டணும்" என்று மட்டும் சொன்னேன். திருத்துறைப்பூண்டியில் பஸ் ஏறித் தஞ்சாவூர் போனோம். டாக்டரம்மா சின்னப் பெண், பொறுமையாகத்தான் விளக்கினாள். க்ளீனிங் செய்தால் வெற்றிலைக் காவி போகும், பல்லின் மஞ்சள் போகாது. அதற்கு மருந்து தடவி வெளுக்கும் ப்ளீச்சிங். வெனீர் என்பது பல்லின் மேல் மெல்லிய ஓடு ஒட்டுவது, அதற்குப் பல்லைக் கொஞ்சம் இழைக்கணும். பல் முழுவதையும் மூடும் கேப் போட இன்னும் இழைக்கணும்.

"இந்த உடைஞ்ச பல்லை இழைக்காமலே, பல் நிறத்துல பசை வெச்சு நிரப்பிடலாம். ஆனா வெளுத்து ரெண்டு வாரம் கழிச்சு வெச்சாத்தான் நிறம் சேரும்" என்றாள்.

அதுதான், அதேதான் எனக்கு வேண்டியது. வெளுக்காமல் அதை மட்டும் வையுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"அதெல்லாம் கிடக்கட்டும் டாக்டர்" என்று மகள் முந்திக்கொண்டாள். "நாளன்னிக்கு நிச்சயதார்த்தம். வெளுத்து விடுங்க, போதும். பெரிய பல்செட்டுக்காரி மாதிரி ஜொலிக்கட்டும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தேன். என் வாய்தானே? என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானாவது சொன்னேனா?

கிளம்பும்போது டாக்டரம்மா, "நாலு நாளைக்கு டீ, காபி, மஞ்சள் குழம்பு, வெற்றிலை எதுவும் கூடாதும்மா" என்றாள். தலையாட்டினேன்.

நிச்சயத்தன்று தட்டு மாற்றி முடிந்ததும் சம்பந்தியம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து, தன் கையாலேயே மடித்து நீட்டினார்.

"போடுங்க சம்பந்தி. இனிமே நாம ஒண்ணு."

வேண்டாம் என்றால் சம்பந்தமே வேண்டாம் என்றது போல இருக்கும். பல்லை வெளுத்திருக்கிறேன் என்று அத்தனை பேர் நடுவில் இந்த வயதில் எப்படிச் சொல்வது? வாங்கிப் போட்டுக்கொண்டேன். அவர் இன்னொன்று மடித்தார். அதையும் போட்டேன்.

மறுநாள் கண்ணாடியில் பார்த்தால் திட்டுத்திட்டாகச் சிவப்பு. "ரெண்டு நாள் வாயைக் கட்ட முடியலையாம்மா உனக்கு?" என்று மகள் கத்தினாள். டாக்டரம்மா முகத்தில் எப்படி விழிப்பது என்று நான் திரும்பப் போகவே இல்லை.

கல்யாணத்தில் போட்டோக்காரர், "அம்மா, கையை எடுங்க" என்றார். எடுத்தேன். உதட்டை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டேன்.

போட்டோ வந்ததும் மருமகள் அதையே வெகுநேரம் பார்த்தாள். "அன்னிக்கு என் மேல என்ன கோபம் அத்தை?"

கோபம்தான். ஆனால் அவள் மேலா?

"பல்லும்மா" என்றேன்.

"பல்லா? உங்களுக்கு என்ன செய்யணும் அத்தை?"

வாய்க்குப் போன கையை மடியிலேயே பிடித்து வைத்துக்கொண்டு சொன்னேன். "அந்த ஒத்தைப் பல்லை மட்டும் நிரப்பணும்மா. வேற எதுவும் வேண்டாம்."