லிஃப்ட்காரர் வைத்த சாஸ்

லிஃப்ட்காரர் வீட்டில் வாரநாட்களில் அடுப்பு அவருடையது. பகலெல்லாம் அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுது பார்ப்பார். மனைவிக்கு ஹோட்டல் படுக்கை விரிப்புகளைத் துவைத்து இஸ்திரி போடும் சலவைக்கூடத்தில் வேலை. வீடு திரும்பும்போது கைகால் ஓய்ந்திருக்கும். அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் பாஸ்தா தட்டில் இருக்க வேண்டும் என்பது அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். கூடவே குடியிருக்கும் மச்சான், அவள் தம்பி, முடிவெட்டும் கடைக்காரன், மேசையில் தாளம் போட்டபடி காத்திருப்பான்.

போன வருஷம் அவருக்குக் காய்ச்சல் வந்தது. போகும்போது அது நாக்கின் ருசியையும் மூக்கின் வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. மனுஷன் யாரிடமும் மூச்சு விடவில்லை. வீம்பு! கைப்பழக்கத்தில் சமைத்தார். சந்தேகம் வந்தால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கரண்டி கிரீம், ஒரு பிடி சீஸ். சந்தேகமோ தினமும் வந்தது. சாஸ் சுவருக்குப் பூசலாம் என்கிற அளவுக்குக் கெட்டியானது. மச்சான் தம்ளர் தம்ளராகத் தண்ணீர் குடித்தான். ஊரையே கேலி பேசும் அவன் வாய் இதில் மட்டும் திறக்கவில்லை. அக்கா முறைத்து வைத்திருந்தாள். அவளோ தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்குங்க" என்பாள்.

ஒருநாள் சலவைக்கூடத்தில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். ரத்த அழுத்தம் எகிறியிருக்கிறது என்றார் டாக்டர். "ராத்திரியில என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டதும் அவள் தரையைப் பார்த்தாள். லிஃப்ட்காரர்தான் பெருமையாக, "நம்ம கைப்பக்குவம்தான் டாக்டர். பாஸ்தா, கிரீம், சீஸ்..." என்று அடுக்கினார். உப்பையும் கிரீமையும் உடனே குறைக்கச் சொன்னார் டாக்டர்.

வீடு திரும்பும் வழியில் லிஃப்ட்காரர் கேட்டார். "உப்பு தூக்கலா இருந்துச்சா?"

"கொஞ்சம்."

"எப்போலேருந்து?"

"உங்களுக்குக் காய்ச்சல் வந்ததுலேருந்து. கெட்டுப்போன பாலை ஒருநாள் மடக்கு மடக்குன்னு குடிச்சீங்களே, அப்பவே எனக்குத் தெரியும்."

"ஏன் சொல்லல?"

"மனசு வரல."

இந்த இரண்டு பேரையும் உட்கார வைத்து நாலு கேள்வி கேட்க வேண்டும் போலிருக்கிறது. ஒருவர் ருசி போனதைச் சொல்லவில்லை. இன்னொருவர் அது தெரியும் என்பதைச் சொல்லவில்லை. அன்பாம்!

லிஃப்ட்காரர் அடுப்பை விட்டு ஒதுங்கிவிட்டார். "என் கையாலேயே உன்னை நோயாளி ஆக்கிட்டேன். இனி சமையல் எனக்கு வேணாம்." கடை ரொட்டியும் வேகவைத்த முட்டையுமாக நாட்கள் ஓடின. சாப்பாட்டு நேரத்தில் அவர் ஜன்னலோரம் போய் நின்றுகொள்வார். அந்த வீட்டில் அவள் பார்த்துப் பழகிய கலகலப்பான ஆளாக அவர் இப்போது இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஒரு சாயங்காலம், தோள்பையைக்கூட இறக்காமல் பாஸ்தாவுக்குத் தண்ணீர் வைத்தாள். "இங்க வாங்க. கண்ணும் காதும் உங்களுக்கு இருக்கு. ருசி பாக்க நான் இருக்கேன்."

"நீ பொய் சொல்லுவே."

"மாட்டேன்."

"நல்லா இல்லன்னா இல்லன்னு சொல்லணும். மழுப்பினேன்னு தெரிஞ்சா கரண்டியைத் தொடவே மாட்டேன்."

தலையாட்டினாள். மோட்டார் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்கிற காது அவருடையது. ஒரு ஸ்பூன் எண்ணெயில் பூண்டு பொரியும் சத்தம் அடங்கியதும் தக்காளியைக் கொட்டினார். சளசளவென்று கொதித்த தக்காளி, நீர் வற்றி நிதானமாகக் குமிழி விடும்வரை காத்திருந்தார். கிரீமுக்குப் பதில் பாஸ்தா வெந்த தண்ணீரில் ஒரு கரண்டி. அதிலிருந்த மாவே சாஸைப் பதமாகச் சேர்த்துப் பிடித்தது. உப்பு டப்பா வரை போன கை பயந்து திரும்பி வந்தது.

கரண்டியை நீட்டினார். அவள் நக்கிப் பார்த்தாள்.

"நல்லா இருக்குங்க."

அதே குரல். அவர் அடுப்பை அணைத்தார். கரண்டியைக் கழுவும் தொட்டியில் போட்டார். மச்சான் தாளத்தை நிறுத்தினான்.

அவள் தொட்டியிலிருந்து கரண்டியை எடுத்துக் கழுவி, மறுபடி சாஸில் விட்டு, வாயில் வைத்தாள். முகத்தைச் சுளித்தாள். "புளிக்குது. பூண்டு பத்தல. உப்பு பேருக்குக்கூட இல்ல. இதை எப்படிங்க மனுஷன் சாப்பிடுறது?"

"வாயில வைக்க முடியாது மாமா," என்றான் மச்சான், ருசி பார்க்காமலேயே.

லிஃப்ட்காரருக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. ஒரு வருஷமாக அந்த வீட்டில் ஒருத்தரும் அவர் சமையலைக் குறை சொல்லவில்லை.

"எவ்வளவு உப்பு?" என்று கேட்டார், அடுப்பைப் பற்றவைத்தபடி.